புழுங்கலரிசியும் ஒரு பரீட்சையும்

மன்னார்குடி வாசிகளாகிய நமக்குப் புழுங்கலரிசி அன்றாட உணவு. அதன் சிறப்பைப் பரீட்சித்துக் காட்டியதோ மலாய் நாடு. அங்கே பெரிபெரி என்னும் நோய் கால்களை மரத்துப்போகச் செய்து, இருதயத்தைத் தளர்த்திப் பலரை மாய்த்தது. தீட்டிய பச்சரிசியுண்ட சீனத் தொழிலாளரை அது மிகப் பற்றியது. புழுங்கலரிசியுண்ட தமிழ்த் தொழிலாளரை அரிதாகவே அணுகிற்று. இதற்குக் காரணம் அரிசியா, இருப்பிடமா?

1905-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவசாலையில் பிளெச்சர் என்னும் வைத்தியர் நோயாளரை ஒற்றை எண்ணினர், இரட்டை எண்ணினர் என இரு கூறாக்கினார். ஒரு கூற்றார்க்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றையோர்க்குப் புழுங்கலரிசியும் அளித்தார். இடையில் அவர்தம் இருப்பிடங்களையும் மாற்றினார். ஓராண்டிற்குள் பச்சரிசியுண்டோருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர்; மற்றையோருள் அந்நோயால் ஒருவரும் இறந்திலர்.

நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்குங்கால், தவிட்டையொட்டிய தயமின் என்னும் வைட்டமின் அரிசியினுட் புகுந்து தங்குகின்றது. பச்சரிசியைத் தீட்டினாலோ, அது தவிட்டோடே நீங்கிவிடும்.

நோயாளரின் சம்மதமின்றி இத்தகைய பரீட்சை நடத்துதல் இன்று தகாது. நாம் பெற்ற அறிவுக்கு அப்பதினெண்மர் உயிர் விலையாயிற்று. ஆதலின் மாணவ நண்பர்களே, ‘இஃது உடம்புக்கு நல்லது’ என எவரேனும் கூறின், ‘எதனோடு ஒப்பிட்டறிந்தீர்?’ என வினவுதல் நம் கடமையாம்.