வண்டி மோதிக் காயம்பட்டால் இழப்பீடு கேட்பது எப்படி?

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுவதற்கான சட்டப் பாடம் இது.

நம் கிராமங்களில் இன்று வீட்டுக்கு வீடு பைக் இருக்கிறது. ரோட்டோரம் நடந்து போகும்போது, மினி பஸ்ஸை விட்டு இறங்கும்போது, பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது என்று பைக் மோதிக் கால் உடைந்தவர்கள் எல்லாக் கிளஸ்டரிலும் இருக்கிறார்கள். மோதியவன் பெரும்பாலும் பக்கத்து ஊர்ப் பையனாக இருப்பான். பெரியவர்கள் கூடுவார்கள். "சின்னப் பையன், கேஸு கீஸுன்னு போனா அவன் வாழ்க்கை கெட்டுப்போயிடும்" என்பார்கள். ஐந்தாயிரமோ பத்தாயிரமோ கொடுத்து, எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். மூன்று மாதம் கழித்து, "எலும்பு சரியா கூடல, மறுபடியும் ஆபரேஷன் பண்ணணும்" என்று டாக்டர் சொல்வார். அன்றைக்குப் பஞ்சாயத்துப் பேசியவர் யாரும் வரமாட்டார். குழுவில் வாங்கிய கடனும், அடகு வைத்த தோடும்தான் மிஞ்சும்.

பணம் தருவது யார்?

முதலில் இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ரோட்டில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். 1988 ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மூன்றாம் நபர் என்றால், அந்த வண்டியால் அடிபட்ட நாம்தான். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் இழப்பீட்டைக் கட்டுவது இன்சூரன்ஸ் கம்பெனி. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் வண்டியின் சொந்தக்காரர் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். ஆகவே இழப்பீடு கேட்பது அந்தப் பையனைப் பழிவாங்குவது இல்லை. போலீஸ் போடும் குற்ற வழக்கு வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு.

ஒரு எச்சரிக்கை. நாம் யார் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போகிறோமோ, அந்த வண்டிக்கு வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால், பின்னால் இருப்பவருக்கு அது பொருந்தாது. முழுப் பாலிசி இருந்தால் பொருந்தும். வீட்டு வண்டியின் பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள்.

அடிபட்ட அன்று செய்ய வேண்டியவை

1. 108க்குப் போன் செய்யுங்கள். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், அரசு ஆஸ்பத்திரியிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

2. மோதிய வண்டியின் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் செல்போனில் படம் எடுங்கள். பார்த்தவர்கள் இரண்டு பேரின் பெயரைக் கேட்டு வையுங்கள்.

3. ஆஸ்பத்திரியில் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். "தானா விழுந்துட்டாங்க" என்று கூட வந்தவர் சொல்லிவிட்டால் பிறகு வழக்கே நிற்காது. எந்த வண்டி, எங்கே, எத்தனை மணிக்கு மோதியது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இந்தப் பதிவின் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம்.

4. போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து எப்.ஐ.ஆர். நகலை வாங்குங்கள். புகார் கொடுத்தவருக்கு அது இலவசம். புகாரை வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம்.

5. மாத்திரைச் சீட்டு, ஸ்கேன், எக்ஸ்ரே, ஆட்டோ வாடகை ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தூக்கிப் போடாதீர்கள். எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

எங்கே, எப்போது மனுப் போடுவது?

இதற்கென்றே மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலோ சார்பு நீதிமன்றத்திலோ இது நடக்கும். விபத்து நடந்த ஊருக்குத்தான் அலைய வேண்டும் என்பதில்லை. நாம் குடியிருக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம். வண்டி உரிமையாளரையும் இன்சூரன்ஸ் கம்பெனியையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பார்கள்.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகளில், அவை முடியும்வரை காலதாமதத்தைச் சொல்லி மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டது. அதனால் கெடு தாண்டியவர்களும் "போச்சு" என்று விட்டுவிடாமல் வக்கீலிடம் கேளுங்கள். ஆனால் அதை நம்பி யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

எவ்வளவு கிடைக்கும்?

செலவான வைத்தியப் பணம், இனி ஆகப்போகும் வைத்தியம், வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, துணைக்கு இருந்தவருக்கான செலவு, வலி வேதனை, நிரந்தர ஊனத்தால் போகும் வருமானம் எல்லாம் கணக்கில் வரும்.

கடைசி வகைக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு உறுப்பினருக்கு வயது 38, மாத வருமானம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விபத்தால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் போய்விட்டது. அப்படியானால் மாதம் 1,800, வருடம் 21,600 ரூபாய் நஷ்டம். 36 முதல் 40 வயதுவரை 15 ஆல் பெருக்க வேண்டும் என்பது 2009 இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணை. 21,600 ஐ 15 ஆல் பெருக்கினால் 3,24,000 ரூபாய். வைத்தியச் செலவும் மற்றவையும் இதற்கு மேல். இப்போது பஞ்சாயத்தில் பேசிய பத்தாயிரத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

டாக்டர் எழுதும் ஊனச் சதவீதமும் சம்பாதிக்கும் திறனின் இழப்பும் ஒன்றல்ல என்று 2010 இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மடக்க முடியாத முழங்கால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு ஒரு மாதிரி, குனிந்து நாற்று நடுபவருக்கு வேறு மாதிரி. நீங்கள் என்ன வேலை செய்தீர்கள், இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்று வக்கீலிடம் விவரமாகச் சொல்லுங்கள்.

"நான் வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லாதீர்கள்

2021 ஜனவரியில் கீர்த்தி என்பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வீட்டு வேலையின் மதிப்பைப் பேசியது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம்தான் என்ற அரசுக் கணக்கெடுப்பை எடுத்துக் காட்டி, அந்த உழைப்புக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்றது. அது இறந்துபோன ஒரு தம்பதிக்கான வழக்கு. காயம்பட்டு உயிரோடு இருப்பவரும் அதே நியாயத்தைக் கேட்கலாம்.

கூலி வேலைக்கு யாரும் சம்பளச் சீட்டுத் தருவதில்லை. இங்கேதான் நம் குழுவின் நோட்டுகள் உதவும். மாடு வாங்கிய கடன், தையல் மெஷின் கடன், மாதாமாதம் கட்டிய தவணை, சொசைட்டி பால் அட்டை, பேங்க் பாஸ்புக் எல்லாம் "இந்தப் பெண் சம்பாதித்தவர்" என்று காட்டும் சான்றுகள். தீர்மான நோட்டை ஒழுங்காக எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏமாறாமல் இருக்க

ஆஸ்பத்திரி வாசலிலேயே புரோக்கர்கள் வருவார்கள். "செலவு எங்களோடது, வர்றதுல பாதி" என்பார்கள். கிடைக்கும் தொகையில் பங்கு என்று வக்கீல் பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் பெறும் உரிமை 1987 ஆம் வருடச் சட்டத்தில் இருக்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ வட்ட சட்டப்பணிகள் குழுவிலோ மனுக் கொடுங்கள். போன் எண் 15100.

மோதாத வண்டியை மோதியதாகவோ, லைசென்ஸ் உள்ள வேறு ஆள் ஓட்டியதாகவோ மாற்றி எழுதச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். பொய் வெளிப்பட்டால் உண்மையான காயத்துக்கும் பணம் வராது, நம் மேலும் கேஸ் வரும்.

யார் தவறு என்று நிரூபிக்காமலே, கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் மரணத்துக்கு ஐந்து லட்சமும் கேட்கும் பிரிவு ஒன்றும் சட்டத்தில் உள்ளது. ஆனால் அதை ஏற்று வாங்கிவிட்டால் அதிகம் கேட்டுப் போட்ட மனு முடிந்துபோகும். மக்கள் நீதிமன்றத்தில் சமாதானமாகிக் கையெழுத்துப் போட்டாலும் பிறகு அப்பீல் கிடையாது. சிகிச்சை முடிந்ததா, இன்னும் ஆபரேஷன் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்ட பிறகே முடிவெடுங்கள்.

மோதிய வண்டி நிற்காமல் போய், எந்த வண்டி என்றே தெரியவில்லையா? கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும், மரணத்துக்கு 2 லட்சமும் அரசுத் திட்டத்தில் உண்டு. வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். இதற்கும் எப்.ஐ.ஆர். வேண்டும்.

வரும் பணம் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கே வரட்டும். பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

குழுவில் பேச

1. கடந்த ஒரு வருடத்தில் நம் குழுக் குடும்பங்களில் யாருக்கு வண்டி மோதிக் காயம்? ஆறு மாதம் முடிய இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?

2. நம் வீட்டு வண்டிகளில் எத்தனைக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது? எந்தப் பாலிசி? நம் பிள்ளை மோதி இன்னொரு பெண்ணுக்குக் கால் உடைந்தால் என்ன செய்வோம்?

3. அடிபட்ட உறுப்பினர் நடக்க முடியாமல் கிடக்கும்போது, ஸ்டேஷனுக்கும் சட்டப்பணிகள் அலுவலகத்துக்கும் கூடப் போக இரண்டு பேர் யார் யார்? பெயரைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவாருங்கள்.