திருமண நாளின் நல்ல நேரம்



திருப்பலி காலை 10 மணிக்கென அழைப்பிதழ் கூறுகிறது. மாப்பிள்ளை பீடத்தின் முன் காத்து நிற்கிறார். பெண்ணின் கார் 10.45க்கு வந்து சேர்கிறது. உடனே ஒருவர் குருவானவரிடம் ஓடிவந்து, "சுவாமி, மண்டபத்துக்கு நேரம் போகுது, பிரசங்கத்தைக் கொஞ்சம் சுருக்கிவிடுங்கோ" என்கிறார். அலங்காரத்துக்கும் படப்பிடிப்புக்கும் மணிக்கணக்காக நேரம் கிடைத்தது. குறைக்கச் சொல்வதோ இறைவனுக்குரிய நேரத்தை! நம் பங்குகளில் இது புதுமையல்ல.

நாளின் மையம் எது?

மணமக்கள் தரும் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது என 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் (எண் 1057) கூறுகிறது. நமது இலத்தீன் மரபின்படி இவ்வருட்சாதனத்தை ஒருவருக்கொருவர் வழங்குவோர் மணமக்களே. குருவானவர் திருச்சபையின் பெயரால் அச்சம்மதத்தைக் கேட்டு ஏற்கிறார். இருவர் சாட்சியாக நிற்கின்றனர். சொல்வதற்குச் சில நொடிகளே செல்லும். ஆனால் அச்சொல் வாழ்நாள் முழுவதையும் பிணைக்கிறது. பசியோடும் பதற்றத்தோடும், வீட்டாரின் ஏச்சைக் கேட்டுக்கொண்டும் வந்து நிற்கும் ஒரு பெண் அதை முழுமனதோடு சொல்வது எப்படி? ஆகவே அந்நாளின் மற்ற எல்லா நேரங்களும் இந்த ஒரு நேரத்துக்கே பணிசெய்ய வேண்டும்.

நல்ல நேரம் பார்க்கலாமா?

சில கத்தோலிக்க வீடுகளிலும் இராகு காலம் தவிர்த்தே நேரம் குறிக்கிறார்கள். 1992இல் வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல் சோதிடம் பார்ப்பதை விலக்குகிறது. இறைவன் படைத்த நேரங்களில் கெட்ட நேரம் என்று ஒன்றில்லை. சம்பந்தி வீட்டார் இந்துக்களாயின் அவர்களைப் பரிகசியாதீர்கள். நமது விசுவாசத்தை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். திருச்சபை பார்க்கும் காலம் வேறு: பெரிய வெள்ளியிலும் பெரிய சனியிலும் திருமணம் நடைபெறாது, தவக்காலத்தின் தன்மைக்கும் மதிப்பளிக்கவேண்டும்.

பின்னிருந்து கணக்கிடுங்கள்

மண்டபத்துக்கு முற்பணம் கொடுக்குமுன் பங்குத்தந்தையைச் சந்தியுங்கள். நாளும் நேரமும் உறுதியானபின், பீடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 10 மணித் திருப்பலிக்கு ஓர் உதாரணம்:

முதல்நாள் மாலைக்குள் மணமக்கள் பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று. மோதிரங்கள், தாலி, பத்திரங்கள் யாவும் பொறுப்பான ஒருவர் கையில்.

காலை 5.30: அலங்காரம் ஆரம்பம்.

7.00: காலை உணவு. நற்கருணைக்கு முன் ஒரு மணிநேர உபவாசமே சட்டம். தண்ணீரும் மருந்தும் அதை முறிப்பதில்லை. ஆகவே, பட்டினி கிடந்து கோவிலில் மயங்கவேண்டியதில்லை.

8.45: வீட்டில் செபம், பெரியோர் ஆசீர்.

9.15: புறப்பாடு. பயணம் 20 நிமிடமாயின் 10 நிமிடம் கையிருப்பு.

9.45: கோவில் வாசல்.

11.15 அளவில் திருப்பலி நிறைவுறும். கையொப்பம், படங்கள் யாவும் 11.50க்குள் முடியட்டும். 12.15க்கு மண்டபம், 12.45க்கு முதற் பந்தி.

பெண் வெள்ளை உடுப்பை மாற்றிக் கூறை உடுத்த ஒரு மணிநேரம் செல்லலாம். அதுவரை விருந்தினரைக் காக்கவைக்காதீர்கள். வந்திருப்போரில் சலரோகக்காரர் உண்டு, கைக்குழந்தைகள் உண்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய ஏழை உறவினர் உண்டு. நேரத்துக்குப் பந்தி வைப்பதும் பிறரன்பே.

படம் பிடிப்பவர் முன்கூட்டியே குருவானவரைச் சந்திக்கட்டும். சம்மதம் பெறும் வேளையில் மணமக்களுக்கும் குருவானவருக்குமிடையே அவர் நிற்கலாகாது. அன்றைய ஓட்டத்தைக் கவனிக்கும் பொறுப்பை மாமன் ஒருவரிடமோ மூத்த சகோதரரிடமோ ஒப்படையுங்கள். தாய் தந்தையர் அன்று கடிகாரம் பார்ப்பவர்களாயின்றி, பிள்ளைகளுக்காக மன்றாடுபவர்களாய் இருக்கட்டும்.

எல்லாம் ஒழுங்கு செய்தும் ஏதாவது குறைவுபடலாம். கானாவூரிலும் இரசம் தீர்ந்துபோயிற்று (யோவான் 2). தேவதாய் எவரையும் குறைகூறவில்லை. தம் மகனிடம் தெரிவித்தார். கார் பிந்தினாலும் கறி குறைந்தாலும் சம்பந்திகள் முகம் சுளிக்கவேண்டாம். இயேசுவை முதல் விருந்தாளியாக அழைத்த வீட்டில் குறைவும் நிறைவாகும்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் வீட்டுத் திருமணத்தில் எதற்கு அதிக நேரம் ஒதுக்கினோம்? எதைச் சுருக்கினோம்?

2. அடுத்த திருமணத்தில் விருந்தினரின் பசியையும் பயணத்தையும் எவ்வாறு கருத்திற் கொள்வோம்?