அம்மன் முகம் தெரிய வேண்டும்: கைப்பேசியில் ரா படம் எடுப்போம்

திருவிழா முடிந்த மறுநாள் காலையில் நம் கோயில் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பாருங்க. நூற்றுக்கணக்கில் படங்கள் வந்து குவிந்திருக்கும். அதில் அம்மன் முகம் தெளிவாகத் தெரிகிற படம் எத்தனை? சுடர் வெறும் வெள்ளைப் புள்ளியாக இருக்கும், கருவறை கறுப்பாக இருக்கும், பாட்டியின் முகம் மாவு பூசியது போல இருக்கும். போன் நல்ல போன்தான். எடுத்தவரும் கவனமாகத்தான் எடுத்தார். பிறகு ஏன் இப்படி?

நான் காஹாங்கைச் சேர்ந்த பொறியியல் மாணவன். குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிறிய ஊர் எங்களுடையது. இந்த மாதிரி ஊர்களில் ஒரு தோட்டம் கைமாறினாலோ மக்கள் பட்டணத்துக்குப் போய்விட்டாலோ கோயிலும் இடம் மாறலாம், இல்லாமலும் போகலாம். அப்போது மிஞ்சுவது நாம் எடுத்த படங்கள்தான். அதனால் இந்தப் பாடத்தைப் பொழுதுபோக்காக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

'ரா' என்றால் என்ன?

கேமராவின் சென்சார் என்பது ஒளியை அளக்கும் பல இலட்சம் சிறு கிண்ணங்கள் சேர்ந்த ஒரு தட்டு. ஒவ்வொரு கிண்ணத்தின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என ஏதாவது ஒரு நிற வடிகட்டி இருக்கும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் இந்த அமைப்புக்கு 1976-இல் காப்புரிமை பெற்றார். இன்றும் பெரும்பாலான கைப்பேசிகளில் இருப்பது அதன் வழிவந்த அமைப்புதான்.

சாதாரணமாகப் பொத்தானை அழுத்தினால் போன் என்ன செய்கிறது? சென்சார் அளந்ததை எடுத்து, நிறத்தைத் தானே முடிவு செய்து, நிழலை ஏற்றி, முகத்தை மழமழப்பாக்கி, கடைசியில் அதைச் சுருக்கி ஜேபெக் கோப்பாகத் தருகிறது. அதன் பிறகு மூல அளவுகள் போய்விடும். ரா கோப்பு அப்படி இல்லை. சென்சார் அளந்த கணக்கைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருக்கும். ஜேபெக் சமைத்த சோறு, ரா என்பது அரிசி. அரிசி கையில் இருந்தால் பொங்கலும் வைக்கலாம், இட்லியும் சுடலாம். சோற்றைத் திரும்ப அரிசியாக்க முடியாது.

எண்ணில் சொன்னால் இன்னும் புரியும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 10 பிட் ரா கோப்பில் 1,024 படிகள், 12 பிட் என்றால் 4,096. இருண்ட பகுதியைப் பிறகு வெளிச்சமாக்கும்போது இந்தக் கூடுதல் படிகள்தான் கைகொடுக்கும்.

ஆண்ட்ராய்டில் 2014-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்தும், ஐபோனில் 2016-இல் வந்த ஐஓஎஸ் 10-இலிருந்தும் செயலிகள் ரா எடுக்க வழி கிடைத்தது. கோப்பின் பெயர் பெரும்பாலும் 'டிஎன்ஜி' என்று முடியும். அடோபி நிறுவனம் 2004-இல் வெளியிட்ட வடிவம் அது.

எடுக்கும் முன்

உங்கள் கேமராவில் 'புரோ' பகுதியைத் திறந்து 'ரா' என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்க. இல்லாவிட்டால் லைட்ரூம் அல்லது ஓப்பன் கேமரா செயலியில் முயலலாம். எல்லாப் போனிலும் இது வேலை செய்யாது, அதனால் திருவிழாவுக்கு முன்பே சோதித்துக்கொள்ளுங்க.

இன்னொன்று. கருவறையைப் படம் எடுக்கலாமா என்று குருக்களிடமோ ஆலய நிர்வாகத்திடமோ முதலில் கேட்க வேண்டும். பல கோயில்களில் அனுமதி இல்லை. அனுமதி கிடைத்தாலும் பிளாஷ் வேண்டாம்.

எடுக்கும்போது

1. சுடருக்கு முன்னுரிமை கொடுங்க. குடம் நிறைந்த பிறகு ஊற்றும் தண்ணீர் வழிந்துதான் போகும். சென்சார் கிண்ணமும் அப்படித்தான். ஒருமுறை வழிந்துவிட்டால் அந்த இடத்தில் தகவலே இல்லை, ரா கூடக் காப்பாற்றாது. ஆகவே எக்ஸ்போஷரை -0.7 அல்லது -1 அளவுக்குக் குறைத்து எடுங்க. படம் கொஞ்சம் இருட்டாகத் தெரியும், பரவாயில்லை. இருட்டில் தகவல் இருக்கும். அதற்காக ரொம்பவும் குறைத்தால் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறிவிடும்.

2. முதன்மை லென்ஸையே பயன்படுத்துங்க. பொதுவாக அதற்குத்தான் பெரிய சென்சார் இருக்கும். மற்ற லென்ஸ்கள் மங்கிய வெளிச்சத்தில் தடுமாறும்.

3. ஐஎஸ்ஓவைக் குறைவாக வைத்து, தூணில் சாய்ந்தோ முக்காலி வைத்தோ எடுங்க. அசையாத விக்கிரகத்துக்கு ஷட்டர் 1/50 போதும். காவடி ஆட்டத்துக்கு 1/250 வேண்டும்.

4. குழல் விளக்கு, எல்இடி வெளிச்சத்தில் படத்தில் கோடு கோடாக வருகிறதா? மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் அந்த விளக்குகள் பல நொடிக்கு 100 தடவை ஒளி கூடிக் குறையும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் கோடு மறையும்.

திருத்தும்போது

லைட்ரூம், ஸ்னாப்சீட் இரண்டும் டிஎன்ஜி கோப்பைத் திறக்கும். இந்த வரிசையில் போங்க.

முதலில் நிறச் சமநிலை. எண்ணெய் விளக்கின் ஒளி ஏறக்குறைய 1,900 கெல்வின், நண்பகல் வெயில் 5,500 கெல்வின். ராவில் இந்த முடிவு கோப்போடு ஒட்டிக்கொள்வதில்லை, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். யாராவது கட்டியிருக்கும் வெள்ளை வேட்டியைத் தொட்டு வெள்ளை எது என்று செயலிக்குச் சொல்லுங்க. ஆனால் விளக்கின் மஞ்சளை முழுக்கத் துடைத்துவிடாதீங்க. அந்த மஞ்சள் அங்கே இருந்தது. தோட்டத்துக் கோயில்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. செம்பனை ஓலைகளில் பட்டு வரும் ஒளி முகத்தில் பச்சை சாயலைப் போடும். 'டிண்ட்' கோலைக் கொஞ்சம் கருஞ்சிவப்புப் பக்கம் நகர்த்தினால் சரியாகும்.

அடுத்து வெளிச்சம். மொத்த எக்ஸ்போஷரை ஏற்றி, 'ஹைலைட்ஸ்' குறைத்து, 'ஷேடோஸ்' கொஞ்சம் உயர்த்துங்க. கருவறை கருவறை போலவே இருக்கட்டும், கடைத்தெரு மாதிரி ஆக வேண்டாம்.

அதற்குப் பிறகு இரைச்சல் நீக்கம். போனின் இரவுப் பயன்முறை பல படங்களைச் சேர்த்து ஒரு படம் செய்கிறது. செயலிகள் வழியாக எடுக்கும் ரா பெரும்பாலும் ஒற்றைப் படம். அதனால் முதலில் ஜேபெக்கைவிட மோசமாகக்கூடத் தெரியும். பயப்பட வேண்டாம், இரைச்சலை அளவோடு குறைத்தால் போதும். கடைசியாக வெட்டு, கூர்மை. பிறகு ஜேபெக்காக ஏற்றுமதி செய்யுங்க.

நம் நிறம் நம் நிறமாகவே

இந்தப் பாடத்தில் எனக்கு முக்கியமான பகுதி இதுதான். அந்தக் காலத்தில் கோடாக் வண்ணப் படச் சுருளுக்கு நிறம் சரிபார்க்க 'ஷெர்லி அட்டை' என்று ஒன்றை ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அந்தத் தோலுக்குச் சரியாக இருந்தால் எல்லாருக்கும் சரி என்பது கணக்கு. கூகுள் தன் பிக்சல் 6 கைப்பேசியில் கருமை நிறத் தோலையும் சரியாகக் காட்டும் 'ரியல் டோன்' என்ற வசதியைக் கொண்டுவந்தது 2021-இல்தான். இன்றும் பல போன்களின் அழகுப் பயன்முறை கேட்காமலேயே நம் முகத்தை வெளுப்பாக்குகிறது.

வெயிலில் உழைத்த தாத்தாவின் கறுப்பு, பாட்டியின் நெற்றிச் சுருக்கம், இதெல்லாம் திருத்த வேண்டிய குறைகள் இல்லை. ராவில் அந்த முடிவு நம் கைக்கு வருகிறது. வந்த பிறகு நாமே வெளுப்பாக்கினால் என்ன பயன்? அம்மன் புடவையின் நிறத்தை மாற்றுவது, பின்னால் நிற்பவரை அழிப்பது, இவையும் ஆவணப் படத்தில் கூடாது.

மூலத்தைக் காப்போம்

1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகத் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 நெகடிவ்களில் எடுத்தார். அவற்றைச் சேர்த்து ஒட்டிய படம் ஏறத்தாழ 19 அடி நீளம். அந்தக் கல்வெட்டு அன்று எப்படி இருந்தது என்று இன்றும் பார்க்க முடிகிறது. அவருக்கு நெகடிவ் எப்படியோ, நமக்கு ரா அப்படி.

12 மெகாபிக்சல் ரா கோப்பு, சுருக்காமல் வைத்தால், சுமார் 24 எம்பி. 200 படம் என்றால் கிட்டத்தட்ட 5 ஜிபி. ஆகவே எல்லாவற்றையும் ராவில் எடுக்க வேண்டாம். ஓடும் பிள்ளைகள், அன்னதானக் கூட்டம், உடனே அனுப்ப வேண்டிய படம், இதற்கெல்லாம் ஜேபெக் போதும். விக்கிரகம், விளக்கு, பெரியவர்களின் முகம், பழைய கல்வெட்டு, உபயதாரர் பெயர்ப்பலகை ஆகியவற்றை ராவில் எடுங்க. ஒரு பிரதி கணினியிலும் இன்னொன்று தனி வன்தட்டிலும் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், அதைக் காப்பகமாக நினைக்க வேண்டாம். ஒவ்வொரு தொகுப்பிலும் கோயில் பெயர், தேதி, படத்தில் இருப்பவர் யார் என்று ஒரு சிறு குறிப்பு எழுதி வையுங்க. பெயர் இல்லாத முகம் இருபது வருடத்தில் அந்நியமாகிவிடும்.

பயிற்சி

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது இவற்றைச் செய்து கொண்டு வாருங்கள்.

1. ஒரே விளக்கை ஜேபெக்கிலும் ராவிலும் எடுங்கள். இரண்டிலும் நிழலை ஒரே அளவு ஏற்றி, வேறுபாட்டை எழுதுங்கள்.

2. வீட்டுப் பெரியவர் ஒருவரை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து ராவில் ஒரு படம் எடுங்கள். திருத்தியதை அவரிடமே காட்டி, "இது உங்க நிறம்தானா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை வைத்துத் திருத்தத்தை மாற்றுங்கள்.

3. உங்கள் ஊர்க் கோயிலில் இன்னும் யாரும் படம் எடுக்காத ஒன்றைக் கண்டுபிடியுங்கள். அதன் ரா கோப்பையும் குறிப்பையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள்.