ஞாயிறு ஆட்டமும் பொதுப் பணமும்

பணிமாறுதலில் கொல்கத்தாவுக்குச் சென்ற ஆண்டில், ஞாயிறு காலைகளில் மைதானுக்குப் போகும் பழக்கம் எனக்கு ஏற்பட்டது. வில்லியம் கோட்டையைச் சுற்றிப் பரந்து கிடக்கும் அந்தப் புல்வெளி இராணுவத்தின் பொறுப்பில் உள்ளது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய பெரிய கழகங்களின் திடல்களும் அங்கேதான். அவற்றுக்கு வெளியே, செருப்புகளைக் கோல் கம்பங்களாக வைத்துப் பந்தாடும் நண்பர் குழுக்கள் எத்தனையோ. 1911இல் மோகன் பகான் அணியினர், ஒருவர் நீங்கலாக அனைவரும் வெறுங்காலுடன் ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்ற வரலாற்றை, மண்குவளையில் தேநீர் தருபவரும் நேற்று நடந்தது போலச் சொல்வார்.

எங்கள் குழுவில் பதினாறு பேர். ஈஸ்ட் பெங்கால் ஆதரவாளர்கள் ஹில்சா மீன் கட்சி. மோகன் பகான் ஆதரவாளர்கள் இறால் கட்சி. அணி பிரிப்பதும் அவ்வாறே. எக்கட்சியிலும் சேராத தமிழனாகிய எனக்குப் பெரும்பாலும் கோல் காக்கும் வேலைதான் கிடைத்தது.

மழைக்காலத்தில் மைதான் சேறாகிவிடும். இளைஞர்களுக்கு அது கொண்டாட்டம். நாற்பதைத் தாண்டிய முழங்கால்களுக்கு அன்று. ஆகவே அம்மாதங்களில் செயற்கைப் புல்தரையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்போம். இதற்காக ஆளுக்கு மாதம் 300 ரூபாய். சிறிய அச்சகம் நடத்திவந்த நண்பர் ஒருவர் அதை வசூலித்தார். அனைவரும் யு.பி.ஐ. வழியாக அவருடைய எண்ணுக்கு அனுப்பினோம். அது போய்ச் சேர்ந்தது அவருடைய சொந்தச் சேமிப்புக் கணக்கில். வீட்டு மின்கட்டணமும் மகளின் பள்ளிக் கட்டணமும் செலுத்தப்பட்ட அதே கணக்கில். வரவு செலவை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவந்தார். அதைக் காட்டுமாறு ஒருவரும் கேட்டதில்லை. வங்கி அதிகாரியாகிய நானும் கேட்கவில்லை.

ஓர் ஆகஸ்டு மாத இரவில் அவர் உறக்கத்திலேயே காலமானார். அப்போது அவரிடம் இருந்த பொதுப் பணம், எங்கள் கணிப்பில், ஏறத்தாழ 38,000 ரூபாய்.

புல்தரைக்கான முன்பணம் செலுத்த வேண்டிய நாள் வந்தபோது, அவருடைய ஏ.டி.எம். இரகசிய எண் தமக்குத் தெரியும் என்றும், வீட்டாரிடம் அட்டையைக் கேட்டு வாங்கி நமது தொகையை மட்டும் எடுத்துவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார். அவர் எண்ணத்தில் கள்ளம் இல்லை. ஆயினும் நான் தடுத்தேன். கணக்குதாரர் இறந்த பின் அவருடைய அட்டையையோ கைப்பேசியையோ கொண்டு பணம் எடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை, குடும்பத்தினருக்கும் இல்லை. மரணத்தை வங்கிக்குத் தெரிவித்து, இறப்புச் சான்றிதழுடன் உரிமை கோருவதே முறை. நியமனதாரர் இருந்தால் வாரிசுச் சான்றிதழ் தேவைப்படாது. உரிய ஆவணங்கள் கிடைத்த 15 நாள்களுக்குள் தொகையை வழங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல்.

நண்பரின் கணக்கில் நியமனதாரராக இருந்தவர் அவருடைய தாய். திருமணத்துக்கு முன் எழுதியது. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். நியமனதாரர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெறுகிறார். ஆனால் வாரிசுகள் அனைவரின் சார்பிலும் அதை வைத்திருப்பவரே அவர். தாய், மனைவி, மகள் மூவருக்கும் அதில் பங்குண்டு. அந்த வீட்டுக்குள் போய், இதில் ஒரு பகுதி எங்களுடையது என்று சொல்ல எங்களிடம் என்ன சான்று இருந்தது? கணக்கு அறிக்கையில் மாதந்தோறும் பதினைந்து 300 ரூபாய் வரவுகள் தெரியும். அவை சந்தாவா, கடனா, அச்சுக்கூலியா என்பதை அறிக்கை சொல்லாது.

கேட்பதில்லை என்று முடிவு செய்தோம். ஆனால் அறிக்கையைப் பார்த்த அவருடைய மனைவி என்னை அழைத்து, “தாதா, அவர் உங்கள் எல்லாரிடமும் கடன் வாங்கியிருந்தாரா?” என்று கேட்டார். பணம் போயிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

குறிப்பேடு பின்னர் அச்சகத்து மேசையில் கிடைத்தது. அதன்படி இருந்த தொகையை அந்தத் தாய் எங்களிடம் ஒப்படைத்தார். எங்கள் கணிப்பை விட 2,100 ரூபாய் குறைவு. அவர் எழுத மறந்த செலவா, எங்கள் கணக்குப் பிழையா, இன்றும் தெரியாது.

உங்கள் குழு பந்தாடுவதாக இருக்கலாம், நடைப்பயிற்சிக்கோ சுற்றுலாவுக்கோ செல்வதாக இருக்கலாம். பொதுப் பணத்துக்கென்று தனியாக ஒரு கூட்டுச் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். இருவர் பெயர் போதும். ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் தொடங்கினால், ஒருவர் இல்லாதபோதும் மற்றவர் பணம் எடுக்கலாம். ஆனால் ஒருவரே முழுத் தொகையையும் எடுக்கவும் முடியும். இருவரும் கையொப்பமிட வேண்டிய முறையில் அந்த அச்சம் இல்லை. எனினும் ஒருவர் இறந்தால் கணக்கின் செயல்பாடு தடைப்படும், யு.பி.ஐ. வசதியும் பொதுவாகக் கிடைப்பதில்லை. சிறு தொகைக்கு முதல் முறையையே நான் பரிந்துரைப்பேன். இரண்டிலும், பணம் யாருடையது என்பதை ஒரு தாளில் எழுதி, உறுப்பினர் அனைவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்குத் தெரிவது இரு பெயர்கள் மட்டுமே. போட்டிகள் நடத்தி நன்கொடை பெறும் அளவுக்கு வளர்ந்துவிட்டால், சங்கமாகப் பதிவு செய்து சங்கத்தின் பெயரிலேயே கணக்கு தொடங்கலாம். 1860ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும்.

காயங்களைப் பற்றியும் ஒரு சொல். ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டம் 18 முதல் 70 வயது வரையுள்ளோருக்கு உரியது. அது விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்குமானது. முழங்கால் தசைநார் கிழிந்தால் ஆகும் மருத்துவச் செலவுக்கு உதவாது. அதற்கு மருத்துவக் காப்பீடு தனியே வேண்டும்.

மைதான் நண்பர்களின் கணக்கு இப்போது மருந்துக்கடைக்காரர் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர் பெயரில் உள்ளது. முன்னவர் ஹில்சா, பின்னவர் இறால். மாதத்தின் முதல் ஞாயிறன்று ஆட்டம் தொடங்குமுன் கணக்கு அறிக்கை எல்லார் கைப்பேசிக்கும் வந்துவிடும். நான் மாறுதலாகி வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.