கெர்னலும் டிரைவர் மாட்யூலும்: நிறுவும் முன் பொருத்தம் பார்த்தல்

லினக்ஸில் ஒரு டிரைவர் மாட்யூல் எந்தக் கெர்னலுக்காகக் கம்பைல் செய்யப்பட்டதோ, அந்தக் கெர்னலுக்கு மட்டுமே உரியது என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. சாதாரண நிரல்கள் அப்படி அல்ல. பத்து ஆண்டுகளுக்கு முன் கம்பைல் செய்தவைகூட இன்றைய கெர்னலில் ஓடுகின்றன, ஏனெனில் சிஸ்டம் கால்களை மாற்றாமல் காப்பதில் லினக்ஸ் பிடிவாதமாக இருக்கிறது. கெர்னலின் உட்பகுதிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. 2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்பில் ஐஓரீமேப்_நோகேஷ் என்ற ஃபங்ஷன் நீக்கப்பட்டது. 2023 ஜூனில் வந்த 6.4 பதிப்பில் கிளாஸ்_கிரியேட் ஃபங்ஷனுக்கு இருந்த இரண்டு ஆர்க்யூமென்ட் ஒன்றாகக் குறைந்தது. இவற்றைப் பயன்படுத்திய வெளி டிரைவர்கள் அந்தப் பதிப்புகளில் திருத்தாமல் கம்பைல் ஆகவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது ‘யூநேம் -ஆர்’ தரும் விடை. உபுண்டுவில் அது 5.15.0-91-ஜெனரிக் என்பதுபோல வரும். 5.15 ஒத்துப்போனால் போதும் என்று பலர் நின்றுவிடுகிறார்கள், போதாது. 91 என்பது விநியோகத்தார் இடும் எண். ஜெனரிக் என்பது கெர்னலின் வகை. முழுச் சரமும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். இந்தக் கட்டளை இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலைத்தான் சொல்லும் என்பதையும் மறக்கக் கூடாது. அப்டேட் முடிந்து ரீபூட் ஆகாத கணினியில், அடுத்து எழப்போகும் கெர்னல் வேறாக இருக்கும்.

ரியல்டெக் 8812ஏயூ சிப் உள்ள யூஎஸ்பி வைஃபை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பல ஆண்டுகள் அதன் டிரைவரை வெளியிலிருந்து எடுத்துத்தான் கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. நேற்றுவரை ஓடிய வைஃபை, அப்டேட்டுக்குப் பின் காலையில் காணாமல் போகும். ‘மாட்ப்ரோப்’ கொடுத்தால் மாட்யூல் கிடைக்கவில்லை என்ற பதில் வரும். மாட்யூல் அழியவில்லை, பழைய கெர்னலின் அடைவிலேயே இருக்கிறது. மாட்ப்ரோப் தேடுவது ஓடும் கெர்னலின் அடைவில் மட்டும்.

அந்தப் பழைய கோப்பை ‘இன்ஸ்மாட்’ கொண்டு நேரடியாக ஏற்றினால் டெர்மினலில் ‘இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்’ என்று ஒரு வரி வரும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உண்மையான காரணம் ‘டிமெசேஜ்’ பதிவின் கடைசி வரிகளில் இருக்கும். ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் வெர்மேஜிக் என்ற சரம் பொதிந்திருக்கிறது. கெர்னலின் பெயரும் அது கட்டப்பட்ட சில தெரிவுகளும் அதில் உண்டு. ‘மாட்இன்ஃபோ’ அதைக் காட்டும். அது பொருந்தாவிட்டால், இருப்பது எது, வேண்டியது எது என்று டிமெசேஜ் இரண்டையும் ஒரே வரியில் காட்டும். மாட்வெர்ஷன்ஸ் தெரிவுடன் கட்டிய கெர்னல்களில் பதிப்பெண்ணுக்குப் பதிலாக ஒவ்வொரு சிம்பலின் சரிபார்ப்பு எண்ணும் ஒப்பிடப்படும். ‘மாட்யூல்_லேஅவுட்’ என்ற சிம்பலில் ஒத்துப்போகவில்லை என்ற செய்தி அப்போதுதான் வருகிறது. இந்தச் சோதனைகளை மீறி ஏற்ற ‘ஃபோர்ஸ்’ தெரிவு உண்டு. வேலை நடக்கும் கணினியில் அதைத் தொடவே கூடாது: கட்டமைப்பு மாறிய நினைவகத்தில் மாட்யூல் எழுதத் தொடங்கினால் ஃபைல் சிஸ்டமே சிதையக்கூடும்.

அடுத்தது, மாட்யூலைக் கம்பைல் செய்யத் தேவையான கெர்னல் ஹெடர்கள். ஓடும் கெர்னலின் மாட்யூல் அடைவுக்குள் ‘பில்ட்’ என்ற இணைப்பு இருக்கிறதா, அது உண்மையான அடைவைச் சுட்டுகிறதா என்று பார்த்தாலே பாதிச் சிக்கல் தீரும். குறிப்பிட்ட எண்ணின் ஹெடரை மட்டும் நிறுவாமல், ஒவ்வொரு அப்டேட்டிலும் கூடவே வரும் பொது ஹெடர் தொகுப்பை நிறுவுவது நல்லது. அது இருந்தால்தான், கெர்னல் மாறும்போது மாட்யூல்களை மறுபடி கட்டும் கருவியான டிகேஎம்எஸ், புதிய கெர்னலுக்கு மாட்யூலைத் தானாகக் கட்ட முடியும்.

கம்பைலரையும் பார்க்க வேண்டும்; பலர் தவறவிடும் இடம் இது. உபுண்டு 22.04-இன் இயல்பான கம்பைலர் ஜிசிசி 11. அதற்கு வந்த 6.5 கெர்னலோ ஜிசிசி 12-இல் கட்டப்பட்டது. ஹெடர் சரி, மூலநிரல் சரி, ஆனாலும் தெரியாத தெரிவு என்று கம்பைலர் நின்றுவிடும். ஜிசிசி 12-ஐ நிறுவினால் சரியாகும். கெர்னல் எந்தக் கம்பைலரில் கட்டப்பட்டது என்பது ‘ப்ராக்’ அடைவின் ‘வெர்ஷன்’ கோப்பில் இருக்கிறது.

செக்யூர் பூட் இயங்கும் கணினிகளில் பதிப்பு பொருந்தினாலும் கையொப்பமில்லாத மாட்யூல் ஏறாது. சாவி பற்றிய பிழை வந்தால் பதிப்பை நோண்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ரீபூட்டுக்கு முன் ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ பட்டியலில் புதிய கெர்னலின் பெயருக்கு நேரே ‘இன்ஸ்டால்டு’ என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘மேக்.லாக்’ கோப்பில் முதல் பிழையைத் தேட வேண்டும். கடைசிப் பிழை பெரும்பாலும் அதன் விளைவுதான். நெட்வொர்க் டிரைவராக இருந்தால் பழைய கெர்னலை நீக்காமல் வைத்திருப்பது அவசியம். கிரப் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்து வைஃபையை மீட்கலாம். வட்டு டிரைவர் என்றால் இனிட்ராம்எஃப்எஸ் படிமத்தையும் புதுப்பிக்க வேண்டும்; இல்லாவிட்டால் பூட் ஆகும்போது படிமத்துக்குள் இருக்கும் பழைய மாட்யூலே ஏறும்.