தானே வாசிக்கும் பியானோவில் ஒலிப்பதிவு: யாருக்கு எந்த வழி?

பியானோ இசையைப் பதிவு செய்ய இன்று மூன்று வழிகள் உள்ளன. சாதாரணப் பியானோவுக்கு மைக் வைத்துப் பதிவது முதல் வழி. டிஜிட்டல் பியானோவில் வாசித்து, கணினியில் உள்ள சாம்பிள் ஒலிகளால் இசையாக்குவது இரண்டாவது. தானே வாசிக்கும் பியானோவில் வாசிப்பைத் தரவாகப் பிடித்து, அதே பியானோவைத் திரும்ப வாசிக்கவைத்து மைக்கில் பதிவது மூன்றாவது. முதல் இரண்டும் மாணவர்களுக்குப் பழக்கமானவை. மூன்றாவதைப் பலர் தேர்வதற்குக் காரணம், அது நாகரிகமாகிவிட்டது என்பதோ, ஒரு பிசிறும் இல்லாத பதிவு வேண்டும் என்ற பெற்றோரின் வற்புறுத்தலோதான். தேர்வு சரியாக அமைய, இந்தக் கருவி எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பது முதலில் தெரிய வேண்டும்.

கருவி பதிவது எதை?

ஜெர்மனியின் பிரைபுர்க் நகரில் 1904-இல் வெளிவந்த வெல்ட்டே-மின்யோன், கலைஞரின் வாசிப்பைக் காகிதச் சுருளில் துளைகளாகப் பதிந்து, அழுத்த வேறுபாடுகளோடு திரும்ப வாசித்தது. 1980-களில் யமஹாவின் டிஸ்க்ளேவியரும் போசென்டோர்பரின் எஸ்.இ. பியானோவும் காகிதத்தின் இடத்துக்கு மின்னணுத் தரவைக் கொண்டுவந்தன. ஸ்டெயின்வேயின் ஸ்பிரியோ 2015-இல் வந்தது. பதிவு வசதியுள்ள ஸ்பிரியோ ஆர் 2019-இல் வந்தது.

இந்த மின்னணுப் பியானோக்களின் அடிப்படை ஒன்றே. கட்டை எப்போது இறங்கியது, சுத்தியல் எவ்வளவு வேகத்தில் கம்பியை நோக்கிப் போனது, பெடல் எவ்வளவு அழுந்தியது என்பவற்றை உணரிகள் அளக்கின்றன. திரும்ப வாசிக்கையில் மின்காந்தச் சுருள்கள் கட்டைகளையும் பெடல்களையும் இயக்குகின்றன. இந்தத் தரவில் ஒலி என்பதே கிடையாது. அது விரல் அசைவின் குறிப்பு மட்டுமே. ஒலிக்கு மைக்கும், சுருதி சேர்த்த பியானோவும், நல்ல அறையும் எப்போதும்போலத் தேவை.

மூன்றாம் வழியின் பலன்

வாசித்தவர் எழுந்துபோய் அரங்கின் நடுவில் அமர்ந்து, தன் வாசிப்பைக் கேட்பவர் காதால் கேட்கலாம். பியானோ ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்க, ஒலிப்பொறியாளர் மைக்கின் இடத்தையும் உயரத்தையும் மாற்றிப் பார்க்கலாம். கலைஞர் களைப்பதில்லை. பகலில் வாசித்ததைத் தெருவின் இரைச்சல் அடங்கிய இரவில் பதியலாம். இடக்கை வலக்கையை மூழ்கடித்ததா, பெடல் தாமதமாக எழுந்ததா என்பவை திரையில் தெரிந்துவிடும். கற்பவருக்கு மிகப் பெரிய பலன் இந்தக் கடைசி ஒன்றுதான்.

திருத்துவது என்னும் பொறி

ஆனால் இந்தக் கருவியை நாடி வருபவர்களில் பெரும்பாலோரை இழுப்பது வேறொன்று: தவறான ஸ்வரத்தைக் கணினியில் மாற்றலாம், தடுமாறிய இடத்தைச் சீராக்கலாம், மெதுவாக வாசித்ததை வேகமாக்கலாம் என்ற நம்பிக்கை. தகுதிக்கு மிஞ்சிப் புகழப்படும் வழி இதுதான்.

ஸ்வரங்கள் தனித்தனி மணிகள் அல்ல. வாசிப்பவர் முந்தைய ஸ்வரம் ஒலித்த அளவைக் கேட்டே அடுத்ததன் அழுத்தத்தை முடிவு செய்கிறார். ஒரு தவறு நேர்ந்தால் அதன் அதிர்ச்சி அடுத்த சில ஸ்வரங்களிலும் பெடலிலும் தொடரும். தவறிய ஸ்வரத்தை மட்டும் மாற்றினால், தடுமாற்றம் அப்படியே நிற்கும். அதன் காரணம் மட்டும் மறைந்திருக்கும். கேட்பவருக்கு அது முன்னிலும் விநோதமாகப் படும்.

வேகத்தைக் கூட்டுவது இன்னும் மோசம். கம்பியின் ஒலி தேய எடுக்கும் நேரம் தரவோடு சேர்ந்து சுருங்குவதில்லை. மெதுவான வாசிப்புக்கு அளவாக இருந்த பெடல், வேகத்தைக் கூட்டியதும் ஸ்வரங்களைக் குழப்பிவிடும். கணினியின் கட்டத்துக்குள் ஸ்வரங்களை ஒட்டவைத்தால், இசையமைப்பாளர் ஷோப்பானின் இசைக்கு உயிரான ரூபாட்டோ, அதாவது கதியின் நெகிழ்வு, முதலில் சாகும்.

இதற்கு நேர்மாறாக, பியானோக் கலைஞர் க்ளென் கூல்ட் 1955-இல் பதிந்த கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் என்ற இசைப்படைப்பை ஜென்ஃப் நிறுவனம் கணினியால் பகுத்து, டிஸ்க்ளேவியர் ப்ரோவில் மறுபடி ஒலிக்கவைத்தது. அந்தப் பதிவு 2007-இல் வெளியானது. அங்கே உழைப்பெல்லாம் கூல்ட் செய்ததை அப்படியே காப்பதற்குத்தான் செலவானது. மெக்சிகோவில் வாழ்ந்த கான்லன் நான்கரோ, மனித விரலால் முடியாத தாளங்களைக் கையாலேயே காகிதச் சுருளில் துளையிட்டு இசையமைத்தார். இயந்திரத்துக்கென்றே எழுதிய இசைக்கு அது நேர்மையான வழி. மனிதர் வாசித்ததாகக் காட்டப்படும் பதிவுக்கு அந்த நியாயம் பொருந்தாது. இசைக் கல்லூரிகள் பலவும் வெட்டு ஒட்டு இல்லாத காணொளியைக் கேட்பதும் இதனால்தான். திருத்திய பதிவால் உள்ளே நுழைந்தாலும், நேர்முகத் தேர்வில் வாசிக்கப்போவது திருத்தப்படாத கைகளே.

முன்கூட்டிப் பார்க்க வேண்டியவை

சில பியானோக்கள் திரும்ப வாசிக்கும், பதியாது. கருவியை வாங்கும் முன்னோ வாடகைக்கு எடுக்கும் முன்னோ இதைக் கேட்டுத் தெளிய வேண்டும். வாசிப்புத் தரவைச் சேமிக்கும் சாதாரண மிடி கோப்பில் கட்டையின் வேகத்துக்கு 127 படிகளே உண்டு. டிஸ்க்ளேவியர் ப்ரோவின் எக்ஸ்.பி. வடிவத்தில் 1024 படிகளும், பெடலுக்கு 256 நிலைகளும் உண்டு. சேமிக்கும்போது நுட்பமான வடிவத்தையே தேர வேண்டும்.

மெல்லிய ஸ்வரத்தில் சுத்தியல் கம்பியை அடையக் கூடுதல் நேரம் ஆகும். எல்லா ஸ்வரங்களும் உரிய கணத்தில் ஒலிக்க, டிஸ்க்ளேவியர் அரை நொடி தாமதித்து வாசிக்கிறது. பாட்டோ வயலினோ உடன் சேர்ந்தால் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். மிக மெல்லிய பகுதிகளில் இயந்திர ஓசை மைக்கில் விழலாம். ஒரு பியானோவின் தரவு இன்னொன்றில் அதே சமநிலையோடு ஒலிக்காது. வாசித்த பியானோவிலேயே பதிவது நலம்.

யாருக்கு எது?

போட்டிக்கும் சேர்க்கைக்கும் மைக் வைத்த சாதாரணப் பியானோவே போதும், அதுவே சிறந்ததும்கூட. திரைப்பட, விளம்பர இசைக்குச் சாம்பிள் வழி விரைவானது, செலவும் குறைவு. அரங்கின் ஒலியைத் தேடிப் பதிய விரும்பும் தேர்ந்த கலைஞருக்கும், தன் கையைத் தானே ஆராய விரும்பும் மாணவருக்கும் தானே வாசிக்கும் பியானோ பொருந்தும்.

எதைத் தேர்ந்தாலும் மாணவரின் இயல்பே அளவுகோலாக இருக்க வேண்டும். மேடையில் மலரும் கை ஒன்று. பதிவறையில் அமைதியாக மெருகேறும் கை இன்னொன்று. இரண்டும் மதிப்புள்ளவை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பதிவைப் பார்த்துக் கருவி தேடுவதைவிட, கடினமான எட்டு வரிகளைப் பொறுமையாகப் பழகுவது பயன் தரும். தவறைத் திரையில் கண்டவர் அதைத் திருத்த வேண்டிய இடம் பியானோவின் கட்டைகள்தான். அப்படிப் பழகியவருக்கு எந்தக் கருவியும் உதவும்.