ஒய்பி கடிதமும் ஒட்டுப் பொட்டும்

எங்கள் பாட்டியின் ஆஸ்ட்ரோ ரிமோட்டில் மூன்று ஒட்டுப் பொட்டுகள் இருந்தன. 2-க்குச் சிவப்பு, 0-க்குக் கறுப்பு, 1-க்குப் பச்சை. சிவப்பு, கறுப்பு, பச்சை என்று அமுக்கினால் 201, வானவில் வந்துவிடும். ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவிய கிழவி. எண் தெரியாது, ஆனால் ரிமோட்டைத் தன் கைக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளத் தெரிந்திருந்தது.

அந்த ரிமோட்டைப் பார்த்ததும் "ஏன் பொட்டு வைத்தாள்?" என்று கேட்கத் தோன்றுகிறவர்களுக்குப் பல்கலைக்கழகங்களில் ஒரு துறை இருக்கிறது. அதன் பெயர் மனிதர்–கணினி ஊடாட்டம். வேலை விளம்பரங்களில் யூஎக்ஸ் என்று போடுவார்கள். இதில் மாஸ்டர் படிக்க விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் மெர்லிமாவிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் விண்ணப்பத்தைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வரும்போது, பாரத்தோடு சேர்த்துச் சில நம்பிக்கைகளையும் கொண்டு வருகிறார்கள்.

"கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருந்தால்தான் எடுப்பார்கள்."

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் இந்தப் பட்டத்தை நான்கு துறைகள் சேர்ந்து நடத்துகின்றன. அவற்றில் ஒன்று உளவியல், இன்னொன்று இலக்கியமும் ஊடகமும், மற்றொன்று தொழில் வடிவமைப்பு. கணினித்துறை நாலில் ஒன்றுதான். இந்தத் துறையின் பழைய கதைகளில் எனக்குப் பிடித்தது லூசி சக்மன் கதை. அவர் மானுடவியல் படித்தவர். 1980-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, நகலெடுக்கும் இயந்திரத்தோடு இரண்டு பேர் மல்லுக்கட்டுவதைப் படம் பிடித்தார். அந்த இருவரும் ஆய்வாளர்கள். ஒருவர் செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளில் ஒருவரான ஆலன் நியூவெல். அவருக்கே இருபக்க நகல் எடுக்க வரவில்லை என்றால், பேங்க் மெஷின் முன்னால் தடுமாறும் நம் அம்மாவை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த ஆய்வு 1987-இல் புத்தகமாக வந்தது, இன்றும் பாடமாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. மலேசியாவில் இந்தப் படிப்பு பெரும்பாலும் கணினித்துறைக்குள்தான் வரும். வேறு பட்டம் வைத்திருப்பவர் சில அடிப்படைப் பாடங்களை முதலில் முடிக்க வேண்டியிருக்கும். அதற்குக் கூடுதலாகக் கொஞ்ச காலம் ஆகலாம். அவ்வளவுதான், கதவு மூடவில்லை.

"சிஜிபிஏ 3.5 வேண்டும்."

இங்கே பெரும்பாலான இடங்களில் குறைந்தபட்சம் 2.50 அல்லது 2.75. அதற்கும் கீழே இருந்தால் வேலை அனுபவத்தைப் பார்க்கிற இடங்கள் உண்டு. டிகிரியே இல்லாமல் டிப்ளோமா அல்லது எஸ்டிபிஎம்மோடு வேலைக்குப் போய் 30 வயதைத் தாண்டியவருக்கும் ஏபெல் என்ற வழி இருக்கிறது. அனுபவத்தை மதிப்பிட்டு மாஸ்டருக்கு அனுமதிக்கும் அரசு ஏற்பாடு அது. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரிந்த ஏஜெண்டு ஒருவர் என்னிடம் இதைச் சொல்லவே 300 வெள்ளி வாங்கினார். பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கத்திலேயே அது இருந்தது.

"தோட்டத்துக் கஷ்டத்தை எழுதினால் மனமிரங்கி இடம் கொடுப்பார்கள்."

இதைத்தான் நான் அதிகம் திருத்துகிறேன். நோக்க அறிக்கை என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்வார்கள். முதல் பக்கம் முழுக்க லயத்து வீடு, ஒழுகும் தகரம், அப்பாவின் முதுகுவலி. படிக்கிற பேராசிரியருக்குக் கண் கலங்கலாம், ஆனால் இந்தப் பிள்ளை என்ன ஆராயப் போகிறது என்பது தெரியாது. அதே தோட்டத்தை வேறு மாதிரி எழுதலாம். அம்மா ஏன் வாட்ஸ்அப்பில் எழுதாமல் குரலிலேயே பேசி அனுப்புகிறார்? தம்பி ஏன் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறான்?

அந்தத் தம்பியின் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் "அம்மா" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்99 விசைப்பலகையில் அ, ம, ம, ஆ என நான்கு தட்டு, புள்ளி தானே விழுந்துவிடும். அஞ்சல் முறையில் ஆங்கில ஒலிப்படி ஐந்து தட்டு. எண்ணிக்கை பார்த்தால் தமிழ்99 ஜெயிக்கிறது. ஆனால் ஆங்கில எழுத்திலேயே பழகிய விரலுக்கு எது சுலபம்? எண்ணிக்கையா, பழக்கமா? இந்தக் கேள்வியோடு வாழ்ந்தவர் நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறன். 1985-இல் முரசு அஞ்சல், 2005-இல் கைப்பேசிக்குச் செல்லினம். சில எண் பொத்தான்களுக்குள் தமிழை அடக்க வேண்டியிருந்த காலம் அது. உன் அறிக்கையில் அவர் பெயரையும் இந்த நான்கு-ஐந்து கணக்கையும் எழுது, தகரக் கூரையை ஒரு வரியில் முடி என்பேன்.

"போர்ட்ஃபோலியோ என்றால் அழகான செயலித் திரைகள்."

போர்ட்ஃபோலியோ என்பது நாம் செய்த வேலைகளின் தொகுப்பு. அழகு இரண்டாம் பட்சம். யாரைப் பார்த்தாய், எங்கே தடுமாறினார்கள், எதை மாற்றினாய், மாற்றியது வேலை செய்ததா என்பதைத்தான் தேடுவார்கள். வேலை செய்யவில்லை என்றால் அதையும் காட்டலாம். ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் குறைகளில் ஏறக்குறைய 85 விழுக்காடு தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். அந்த எண்ணோடு சண்டை போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் தொடங்குவதற்கு ஐந்து பேர் போதும், அவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயில் அன்னதான வரிசையிலேயே கிடைப்பார்கள். அனுமதி கேட்டுவிட்டு, முகம் தெரியாமல் படம் எடுங்கள்.

"வெளிநாடு போனால்தான் மதிப்பு."

போக முடிந்தால் போகலாம். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும், ஆகவே சீக்கிரமே எழுதி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆனால் மலாக்காவிலேயே மல்டிமீடியா பல்கலைக்கழகம் இருக்கிறது. 1996-இல் டெலிகோம் பல்கலைக்கழகமாக இங்கேதான் தொடங்கியது. டுரியான் துங்காலில் யுடெம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பட்டத்தின் பெயரில் "ஊடாட்டம்" என்ற சொல்லைத் தேடாதீர்கள். ஆய்வு முறையில் சேர்வதாக இருந்தால் மேற்பார்வையாளர் யார், அவர் எதை ஆராய்கிறார் என்று பாருங்கள். விண்ணப்பத்துக்கு முன்பே அவருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் போடுங்கள். பணத்துக்கு, ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பின் செஜாத்தெரா கணக்கிலிருந்து சொந்தப் படிப்புக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் எடுக்க வழி உண்டு. அப்பாவிடம் கேட்கும்போது அது அவருடைய கடைசிக்காலப் பணம் என்பது நினைவிருக்கட்டும்.

"ஒய்பியிடம் சப்போர்ட் லெட்டர் வாங்கினால் நிச்சயம்."

கோயில் தலைவர், மக்கள் பிரதிநிதியான ஒய்பி, கட்சிக் கிளைத் தலைவர் என்று மூன்று முத்திரையோடு ஒரு கோப்பு போன ஆண்டு என்னிடம் வந்தது. மூன்றையும் எடுத்து வைத்துவிட்டேன். பரிந்துரை என்பது நம் வேலையை நேரில் பார்த்தவர் எழுதுவது. பாடம் நடத்திய விரிவுரையாளராகவோ நம்மை வேலை வாங்கும் முதலாளியாகவோ இருக்கலாம். பல இடங்களில் பல்கலைக்கழகமே அவருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கும், நம் கைக்கு அது வராது. அந்தக் கோப்பைக் கொண்டு வந்த பெண் ஜாசினில் ஒரு கிளினிக் கவுண்டரில் வேலை பார்த்தாள். பதிவுப் பாரத்தில் இரண்டு கேள்விகளின் இடத்தை மாற்றியதற்குப் பிறகு கிழவர்கள் "இங்கே என்னம்மா எழுதணும்" என்று எழுந்து வருவது குறைந்ததாம். அந்தக் கிளினிக் டாக்டரம்மாவிடம் பரிந்துரை கேட்கச் சொன்னேன். விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு ஐந்து வாரம் இருந்தது.